மருத்துவமனை பைலாவைப் புதுப்பித்த பதினான்கு மாதங்கள்

பிரசவப் பிரிவின் மூத்த செவிலியர் ஒருவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. "நள்ளிரவில் வலியோடு வரும் கர்ப்பிணியை முதலில் பரிசோதிப்பது நாங்கள்தான். அதற்கு எங்களுக்கு அனுமதி உண்டு என்று எங்கே எழுதியிருக்கிறது?"

அமெரிக்காவில் ஒரு நடுத்தர மருத்துவமனையில், மருத்துவர்களின் தகுதிச் சான்றுகளைச் சரிபார்த்து, அவர்களுடைய பைலாவையும், அதாவது அவர்கள் கட்டுப்பட்டு நடக்கும் அடிப்படை விதித் தொகுப்பையும், பராமரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்துத் தேடினேன். பிரசவப் பிரிவின் கொள்கை ஆவணத்தில் "பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம்" என்று தெளிவாக இருந்தது. அதற்கு மேல்நிலையில் உள்ள மருத்துவர் விதிமுறைகளிலோ "மருத்துவர்" என்ற ஒரே சொல்தான் இருந்தது.

இதைச் சிறிய முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. அவசரமாக வரும் எவரையும் பணம் கேட்காமல் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்கிற எம்டாலா சட்டம் 1986-இல் வந்தது. அந்தப் பரிசோதனையைச் செய்யத் தகுதியானவர் யார் என்பதை மருத்துவமனையின் பைலாவோ விதிமுறைகளோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பிரிவு தனக்குத்தானே எழுதிக்கொண்ட கொள்கை போதாது. பல ஆண்டுகளாக அக்கறையோடு இந்த வேலையைச் செய்துவந்த செவிலியர்களுக்கு, சட்டம் கேட்கும் அந்த ஒரு வரியை நாங்கள் எழுதித் தரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பல மருத்துவமனைகளில் மருத்துவர்களில் ஒரு பகுதியினர் சம்பள ஊழியர்கள் அல்லர். அங்கே நோயாளிகளைப் பார்க்க அனுமதி பெற்றவர்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்த ஓர் அவை உண்டு. அந்த அவை பைலாவை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும், மருத்துவமனையின் வாரியம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தின் நிபந்தனை. பைலாவுக்குக் கீழே விதிமுறைகள், அதற்கும் கீழே கொள்கைகள். பைலாவை மருத்துவர்கள் மட்டுமோ வாரியம் மட்டுமோ தனியாகத் திருத்தக் கூடாது என்கிறது தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன். அது நியாயமான விதிதான். ஆனால் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும் என்பதால், எல்லோரும் திருத்தத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள்.

செவிலியர்களுக்கான வரியைக் காத்திருக்க வைக்க முடியாது. சட்டத்துக்கு இணங்குவதற்காக விதிமுறைகளில் அவசரத் திருத்தம் தேவைப்பட்டால், அவை முன்பே அதிகாரம் கொடுத்திருக்கும் பட்சத்தில், அவையின் செயற்குழு அதைத் தற்காலிகமாக ஏற்கலாம். வாரியமும் தற்காலிக ஒப்புதல் தரலாம். உடனே எல்லா மருத்துவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். நல்லவேளையாக எங்கள் பைலாவில் அந்த அதிகாரம் இருந்தது. இரண்டே வாரத்தில் அந்த வரி விதிமுறைகளில் ஏறியது. இதுபோல் வேறென்ன முரண்பாடுகள் இருக்கின்றன என்று பார்த்து மீதியைச் சீராக்கத்தான் பதினான்கு மாதங்கள் பிடித்தன.

பைலா, விதிமுறைகள், ஒவ்வொரு துறையின் தனி விதிகள், கொள்கைகள் எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க மூன்று வாரங்கள் ஆயின. நோயாளியின் வரலாற்றையும் உடல் பரிசோதனையையும் எப்போது பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு மூன்று பதில்கள் கிடைத்தன. பைலாவில், சேர்வதற்கு 30 நாட்களுக்குள் அல்லது சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் என்று சரியாக இருந்தது. எலும்பு அறுவைத் துறையின் விதிகளில் 7 நாட்கள், 48 மணி நேரம் என்று இருந்தது. அது 2006-இல் வெளியான திருத்தத்துக்கு முந்தைய கூட்டாட்சி விதி. அறுவைக்கு முந்தைய தயாரிப்புக் கொள்கை 30 நாட்கள் என்றது. ஆனால் முன்கூட்டியே எழுதிய பரிசோதனைக்கு, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் புதுப்பித்த குறிப்பு ஒன்று வேண்டும் என்பதை விட்டுவிட்டது. யாரோ பொறுப்போடு ஓரிடத்தில் திருத்தியிருக்கிறார்கள். அதே வாக்கியம் இன்னும் இரண்டு இடங்களில் உயிரோடு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எந்த விதிக்கும் ஒரே ஒரு வீடுதான் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். மற்ற ஆவணங்கள் அந்த வீட்டுக்கு வழி காட்டலாம்; வாக்கியத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. பரிசோதனைக் காலக்கெடு பைலாவிலேயே இருந்தாக வேண்டும், அதை மெடிகேர் கேட்கிறது. நியமனம், இடைநீக்கம் போன்றவற்றின் அடிப்படைப் படிகளும் அங்கேதான். விவரங்களைக் கீழே இறக்கலாம். எந்தப் படிவம், எந்தக் குழு எந்த மாதம் கூடும் என்பதெல்லாம் பைலாவில் கிடந்து காலாவதியாகிக்கொண்டிருந்தன.

"காகித வேலைக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று பைலாவைத் திருத்தும் குழுவில் ஒரு மருத்துவர் உண்மையாகவே கேட்டார். டார்லிங் வழக்கைச் சொன்னேன். 1960-இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்த பதினெட்டு வயது மாணவருக்குப் போட்ட மாவுக்கட்டு இறுகி, ரத்த ஓட்டம் தடைப்பட்டது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. 1965-இல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம், அந்த மருத்துவமனையின் சொந்த பைலாவையே சான்றாக ஜூரி முன் வைத்தது சரி என்று தீர்ப்பளித்தது. நாம் எழுதி வைத்ததை நாமே செய்யவில்லை என்றால் அந்தத் தாளே நமக்கு எதிராகப் பேசும். அவர் அதன் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

கடினமாக இருந்தது விசாரணைப் பகுதி. ஒரு மருத்துவரின் அனுமதியைப் பறிக்கும் முடிவு வந்தால், விசாரணை கேட்க அவருக்குக் குறைந்தது 30 நாட்கள் தர வேண்டும் என்பது 1986-இன் இன்னொரு கூட்டாட்சிச் சட்டம் வகுத்த வழி. அதைப் பின்பற்றினால் விசாரிப்பவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. எங்கள் பழைய பைலாவில் 10 நாட்கள் என்று இருந்தது. வழக்கறிஞர் திருத்தியதை எல்லோரும் தலையசைத்து ஏற்கப்போன நேரத்தில், வயதான அறுவை மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொன்னார். வேறோர் ஊரில் அவரே அப்படி ஒரு விசாரணையில் உட்கார்ந்தவர். "இந்தப் பக்கத்தைத் தனக்குத் தேவைப்படும் நாள் வரை யாரும் படிப்பதில்லை" என்றார். நான்கு மாலைகள் படித்தோம். நோட்டீஸில் காரணங்கள் எழுதப்பட வேண்டும், விசாரிப்பவர் விசாரிக்கப்படும் மருத்துவரின் நேரடித் தொழில் போட்டியாளராக இருக்கக் கூடாது என்பவற்றை, யாருக்கும் குழப்பம் வராத சொற்களில் எழுதினோம்.

மருத்துவரின் அனுமதியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற மறுநியமனக் காலத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக இருந்த வரம்பை ஜாயின்ட் கமிஷன் 2022-இல் மூன்றாக நீட்டியது; சட்டம் அதைவிடக் குறைந்த காலத்தைச் சொன்னால் சட்டமே மேல். எங்களுக்கும் மூன்று வேண்டும் என்றார்கள். மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் மருத்துவர்கள் மீதான நடவடிக்கைகளைத் திரட்டும் தேசியத் தரவு வங்கியில், மருத்துவமனை ஒவ்வொரு மருத்துவரைப் பற்றியும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேட்டறிந்தே ஆக வேண்டும். மூன்று ஆண்டுச் சுழற்சியில் அது நழுவிப் போயிருக்கும். எல்லா மருத்துவர்களையும் அந்த வங்கியின் தொடர் கண்காணிப்பில் சேர்த்த பிறகுதான் எண்ணை மாற்றினோம்.

வாக்கெடுப்பில் நான் எதிர்பாராத தடை வந்தது. நேரில் வந்து கைதூக்கினால்தான் வாக்கு என்றது பழைய பைலா. போதிய பேர் வராமல் முதல் கூட்டம் கலைந்தது. ஆகவே மின்னஞ்சல் வழியாக வாக்களிக்கலாம் என்ற ஒரே திருத்தத்தை மட்டும் தனியாக எடுத்து, அதைப் பழைய முறையிலேயே நிறைவேற்ற ஒவ்வொரு துறைக் கூட்டத்துக்கும் போய் அழைத்தேன். அது நிறைவேறியதும் மற்றவற்றை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, பழைய வாக்கியமும் புதிய வாக்கியமும் அருகருகே தெரியும்படி அனுப்பினோம். ஐந்தும் தேறின. வாரியம் ஒரு சொல்லை மாற்றக் கேட்டது. அதைத் தானே மாற்ற முடியாதல்லவா. மறுபடி செயற்குழு, மறுபடி வாக்கு, இன்னும் ஆறு வாரம். சலிப்பாக இருந்தாலும், அந்தச் சொல்லை மருத்துவர்களும் ஏற்றுத்தான் பைலாவில் சேர்த்தோம் என்பதில் எனக்கு நிறைவு.

இப்போது ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும், அது எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் பதிவேட்டில் இருக்கின்றன. சட்டம் மாறினால் எந்த வரியைத் தொட வேண்டும் என்று அதே நாளில் தெரிந்துவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் அவசரமாக எழுதிய நான்கு கொள்கைகள், 2023 மே 11-இல் அவசரநிலை முடிந்த பிறகும் அப்படியே கிடந்தன. அவற்றையும் நீக்கினோம்.

கடைசியாக வார்டு வார்டாகப் போய்ப் பழைய அச்சுப் பிரதிகளைத் திரட்டினேன். எலும்பு அறுவை வார்டின் கோப்பில் அந்த 7 நாள் தாள் இன்னும் இருந்தது. பிரசவப் பிரிவுக்கு இரவுப் பணி நேரத்தில் போய், விதிமுறைகளின் புதிய பக்கத்தை அந்த மூத்த செவிலியரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு, தகுதி பெற்றவர்களின் பட்டியலைக் கேட்டார். விரலால் பெயர்களைத் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இவருடைய பயிற்சி போன மாதமே காலாவதி" என்றார். அந்தப் பெயரை அப்போதே நீக்கிவிட்டு, அடுத்த வாரப் பயிற்சிக்கு அவரைப் பதிவு செய்தோம்.