எனர்ஜி டிரிங்க்: எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு

சம்பா அறுவடைக் காலத்தில் அறுவடை மெஷின் ஓட்டுபவர், நெல் ஏற்றிப் போகும் லாரிக்காரர், பொங்கல் கபடிக்கு இறங்கும் பையன், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் எல்லோர் கையிலும் அதே 20 ரூபாய் பாட்டில்தான். ஆனால் அது ஒவ்வொருவர் உடம்பிலும் செய்யும் வேலை வேறு. எவ்வளவு எடை உள்ளவர், எத்தனை மணிக்குக் குடித்தார், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் லேபிளைப் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்த வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபின் இருக்கலாம். அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75 மி.கி. ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் குடிக்க வேண்டாம் என்று பாட்டிலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சில வகைகளில் சர்க்கரை 100 மில்லிக்கு 11 கிராம் வரை போகும்; ஒரு பாட்டிலுக்கு 27 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். டாரின் என்ற அமினோ அமிலம், பி வைட்டமின்கள் என்று மற்றவையும் இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்கு அந்த வைட்டமின்களால் கூடுதல் தெம்பு எதுவும் வராது. உணரக்கூடிய விளைவு பெரும்பாலும் காஃபினுடையதுதான்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்கம் வரச் சொல்வது அதுதான். காஃபின் அதைக் குறைப்பதில்லை. அது போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. மதகை இறக்கினாலும் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பது போல, தூக்கச் சுமை ஏறிக்கொண்டேதான் இருக்கும். காஃபின் வடிந்ததும் மொத்தமாக அமுக்கும். குடித்த 30 முதல் 60 நிமிடத்தில் அது உச்சத்துக்கு வரும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இரவு 7 மணிக்குக் குடித்த பாட்டிலில் பாதி நள்ளிரவிலும் ரத்தத்தில் இருக்கும் என்று கணக்கு வையுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இரவில் வண்டியும் மெஷினும் ஓட்டுபவர்கள். விடியற்காலை 2 முதல் 5 மணி வரை உடம்பின் உள்கடிகாரமே தூங்கச் சொல்லும் நேரம். தூக்கமே இல்லாதவருக்குக் கண் திறந்தபடியே மூன்று நான்கு விநாடி மூளை அணைந்துபோகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்றால் 65 மீட்டருக்கு மேல். வாய்க்கால் கரையை ஒட்டிய சாலையில் அந்தத் தூரம் போதும். பாட்டில் இந்த நொடிகளைக் குறைக்கும், நிறுத்தாது. மெஷின் ஓட்டுபவருக்கு இன்னொரு அபாயம் உண்டு. ஈர வைக்கோல் கட்டரில் சிக்கினால் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கித்தான் கை வைக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் முதலில் மறந்துபோவது இந்தப் படிதான். கை வேகம் குறையாமல் இருப்பதால், தான் தெளிவாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

பயன் தரும் முறை ஒன்று இருக்கிறது. வண்டியை ஓரம்கட்டி நிறுத்துங்கள். ஒரு பாட்டிலை, அல்லது ஒரு ஸ்ட்ராங் காபியை, ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். உடனே 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிடுங்கள். அந்தத் தூக்கத்தில் அடினோசின் கொஞ்சம் வடியும், எழும்போது காஃபின் ஏறத் தொடங்கியிருக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து மந்தமாக இருக்கும். அப்படி எழுந்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கண் மறுபடி சொருகினால் இரண்டாவது பாட்டில் தீர்வாகாது, வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். அறுவடையை இரவில் செய்யாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு: பனி இறங்கியபின் அறுத்த நெல்லில் ஈரப்பதம் கூடும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத அளவைத் தாண்டினால் காயவைக்கும் செலவு விவசாயி தலையில்தான் விழும்.

கபடிக்கு வருவோம். ஆட்டத்திறன் கூடுவதற்கான காஃபின் அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. 60 கிலோ பையனுக்குக் குறைந்தது 180 மி.கி. ஒரு பாட்டில் கொடுப்பது கிலோவுக்கு 1.25 மி.கி.தான், கொஞ்சம் சுறுசுறுப்பு வரும், தசைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதை எட்ட இரண்டரை பாட்டில் குடித்தால் 500 மில்லி வரம்பைத் தாண்டியாயிற்று. களத்தில் இறங்கும் நேரத்தில் குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் வயிற்றிலேயே நிற்கும், மூச்சடக்கிப் பாடிப் போகும்போது குமட்டும். வியர்த்துப்போன உடம்புக்குத் தேவை உப்பும் தண்ணீரும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இல்லையென்றால் உப்புப் போட்ட மோர். மே மாத வெயிலில் வரப்பு வேலை செய்பவர்களுக்கும் இதுவேதான்.

தேர்வுக்குப் படிப்பவருக்குக் கவனமும் எதிர்வினை வேகமும் கூடும். புரிந்துகொள்வதும் நினைவில் நிற்பதும் அதே அளவு கூடாது. படித்தது பதிவது தூக்கத்தில்தான். படுக்க 6 மணி நேரத்துக்கு முன் 400 மி.கி. காஃபின் எடுத்தவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. பாட்டிலில் இருப்பது அதைவிடக் குறைவு என்றாலும், மாலை 4 மணிக்குப் பிறகு வேண்டாம் என்பது என் கருத்து.

சிறுவர்களைப் பற்றி ஒரே கணக்கு: 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு பாட்டில் கிலோவுக்கு 2.5 மி.கி., 60 கிலோ பையனுக்கு ஏறுவதைப் போல இரண்டு மடங்கு. பள்ளிக்கூட வாசல் கடைகளில் இதை விற்கவே கூடாது.

கவனிக்காமல் விடுவது மருந்துகளை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, உடம்பில் காஃபின் கரைவதைத் தாமதப்படுத்தும். ஒரு பாட்டிலே படபடப்பைக் கொடுக்கலாம். சிகரெட் பிடிப்பவர் உடம்பில் காஃபின் வேகமாகக் கரையும், விட்டதும் அந்த வேகம் குறையும். மாலை போட்டு சிகரெட்டை நிறுத்தியவர் பழைய அளவிலேயே குடித்தால் கை நடுங்கும். பாதியாகக் குறைக்க வேண்டும். மதுவோடு கலப்பது மோசம்: போதை ஏறியது தெரியாது, ஆனால் ஏறியிருக்கும். நெஞ்சு வலி, அடங்காத படபடப்பு, மயக்கம் வந்தால் 108.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். பலர் அதற்குப் பயந்தே மறுபடி வாங்குகிறார்கள். நாளுக்கு இரண்டு பாட்டில் என்றால் நான்கு நாளுக்கு ஒருமுறை அரை பாட்டில் வீதம் குறையுங்கள். மாலைப் பாட்டிலில் தொடங்குங்கள். அந்த நாட்களில் தலைவலி மாத்திரை வாங்கினால் அட்டையைப் படியுங்கள், சிலவற்றில் காஃபினும் சேர்ந்திருக்கும்.