டிலின்சா காட்டில், சருகுச் சத்தத்துக்காக

செப்டம்பர் 6
தென்னாப்பிரிக்காவின் எஷோவேயில் மழை இல்லை. சருகு அப்பளமாக நொறுங்குகிறது. நான் தேடிவந்த பறவை, புள்ளித் தரைப்பூங்குருவி, இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 9
மூடுபனி. மரங்களுக்கு நடுவே 10 மீட்டர் உயரத்தில் போகும் நடைபாலத்தில் நின்று தேடுவது வீண். இது தரையில் மேயும் பறவை. மேலே கிளைகள் மூடி, கீழே புதர் குறைந்து, சருகு மெத்தையாகக் கிடக்கும் நிழல்தான் அதன் இடம். ஈரம் வேண்டும். காய்ந்த சருகில் புழு பூச்சி அடியில் போய்விடும்.

செப்டம்பர் 12
சரக், சரக். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆலிவ் பூங்குருவி. வயிறு ஆரஞ்சு, இறக்கையில் வெள்ளை இல்லை. இறக்கையை மட்டும் நம்பவும் கூடாது. ஆரஞ்சுத் தரைப்பூங்குருவிக்கும் இரண்டு வெள்ளைப் பட்டை உண்டு. நெஞ்சில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 14
கண்ணாடி, கண்ணாடி. குளிர்காலத்தைக் கடலோரக் காட்டில் கழித்துவிட்டு வரும் பறவை, வழியில் ஜன்னலில் மோதிச் சாகிறது. கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பிவிடுகிறது. ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டினால் போதாது. வெளிப்பக்கம் முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைக்க வேண்டும். எத்தனை வீட்டில் வைத்திருப்பார்கள்?

செப்டம்பர் 17
வந்துவிட்டது!
நான்கு தத்தல், ஒரு நிறுத்தம். தலையைச் சாய்த்து, அலகால் இலையைப் பக்கவாட்டில் தள்ளியது. வெளிர் முகத்தில் நெடுக்காக இரண்டு கறுப்புக் கோடு, ஒன்று கண்ணுக்குக் கீழே, மற்றது காதுப்பக்கம். வெள்ளை நெஞ்சில் மை தெறித்த மாதிரி புள்ளிகள், வெளிறிய ரோஜா நிறக் கால். நம்ம ஊர் செந்தலைப் பூங்குருவியின் பேரினம்தான். நிற்கும் வாகிலேயே தெரிகிறது. காலடி கேட்டதும் பறக்கவில்லை, உறைந்து நின்றது. வெயில் பொட்டும் நிழலும் விழுந்த சருகில் அந்தப் புள்ளிகள் கரைந்தே போயின. கண்ணை எடுத்தால் தொலைந்தது. பொதுவாக இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: நகர்வதைத் தேடுகிறார்கள், இது நகராது.

செப்டம்பர் 18
விடியுமுன் பாட்டு. புல்லாங்குழல் மாதிரி, துண்டு துண்டாக. வெளிச்சம் வந்ததும் நின்றுவிட்டது.

அக்டோபர் 20
கூடு. கவட்டையில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. குச்சி, வேர், காய்ந்த இலையால் பெரிய கிண்ணம். பச்சை கலந்த நீலத்தில் இரண்டு முட்டை, மேலே செம்பழுப்புப் புள்ளி. தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்றால் தாய் திரும்பாது. அடுத்த மரத்தில் குரங்குகள்.

அக்டோபர் 21
குரங்குகள் போகவில்லை. கண்ணாடி நினைப்பும்.

அக்டோபர் 24
ராத்திரி நல்ல மழை. சருகு கறுத்துப் படிந்திருக்கிறது. கூட்டு விளிம்பில் வால் நுனி தெரிகிறது.