மூன்றாம் வருடத்துக் கணினி அறை

நாடா வெட்டும் நாளில் பத்துக் கணினியும் ஓடும். மூன்றாம் வருடம் எத்தனை ஓடுகின்றன என்று பாருங்கள். சமூகக் கணினி நிலையம் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. யாழ்ப்பாணத்தில் இவை புதியவையும் அல்ல. சிங்களத்தில் ‘நெனசல’ என்றும் தமிழில் ‘அறிவகம்’ என்றும் அரசு தொடங்கிய திட்டம் 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. சனசமூக நிலையங்களிலும் கோயில், தேவாலய மண்டபங்களிலும் ஊரவரின் பணத்தில் நடக்கும் அறைகள் வேறு. எல்லாவற்றுக்கும் வருத்தம் ஒன்றுதான்: கணினி வாங்கக் காசு கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது.

முதலில் சாவது யூபிஎஸ் பற்றரி; கறண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் பெட்டிதான் யூபிஎஸ். சிறிய யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று. புதிதில் ஒரு கணினியையும் திரையையும் பத்து நிமிடமாவது தாங்கும். எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் போனால் ஒரு நிமிடமும் நிற்காது. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் ஒருவருக்கும் தெரியாது. கறண்ட் போன பிறகுதான், ஒரு பிள்ளை இரண்டு மணித்தியாலம் அடித்த வேலை போனது தெரியவரும். மாதம் ஒருமுறை சுவர்ப் பிளக்கைக் கழற்றி, மணிக்கூட்டைப் பார்த்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கொப்பியில் எழுதினால் போதும். பத்தையும் ஒரே நாளில் வாங்கினால் பத்தும் ஒரே காலத்தில் போகும். வருடத்துக்கு மூன்று நான்காக மாற்றுவது நல்லது.

அடுத்தது கடற்காற்று. குருநகர், காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கங்களில் உப்பு எல்லாவற்றிலும் படியும். கணினி பீப் பீப் என்று கத்தும், திரை கறுப்பாகவே நிற்கும். ‘மதர்போட் போட்டுது’, அதாவது கணினியின் தாய்ப்பலகையே பழுது, என்று மூலையில் வைத்துவிடுவார்கள். பல வேளை பிழை ரேம் என்ற நினைவகத் தகட்டின் தொடுமுனையில்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்னைப் போகவிட்டு, ரேமை எடுத்துப் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கக் கொளுவியும் ‘கிளிக்’ என்று விழும்வரை அமர்த்த வேண்டும். செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று, மதர்போட்டில் இருக்கும் 2032 என்ற காசு வடிவ 3 வோல்ற் பற்றரி. அது செத்தால் கணினியின் திகதி பல வருடம் பின்னே போய்விடும். உடனே இணையத்தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று மறுக்கும். விண்ணப்பம் அனுப்ப வந்தவர் இன்ரநெற் பழுது என்று நினைத்துத் திரும்பிப் போவார், அன்றைக்குத்தான் கடைசி நாளாக இருக்கும்.

இந்தத் திருத்த வேலைகளை வெளியில் இருந்து ஆளைக் கூப்பிட்டுச் செய்விப்பதுதான் நிலையங்கள் விடும் பெரிய பிழை. அவர் வரும்வரை பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், வந்த பிறகும் எட்ட நின்று பார்ப்பார்கள். திருத்தும் மேசையே வகுப்பாக வேண்டும். இருவருக்கு ஒரு கணினி பொறுப்பு. என்ன பழுது, எதைச் செய்து பார்த்தார்கள், எது சரிவந்தது என்று திகதியோடு அவர்களே எழுத வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு அந்தக் கொப்பி வெறும் கொப்பியல்ல. தேசிய தொழிற்தகைமைக்கு, வகுப்புக்குப் போகாமலே முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு நிற்கும் வழி ஒன்று உண்டு. செய்த வேலைக்கான சான்று அங்கே கேட்கப்படும்.

மேசைக்கு வெளியே, யாழ்ப்பாணத்தில் தட்டச்சுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. இறந்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் ‘கல்வெட்டு’ என்ற சிறு புத்தகம் அதில் முக்கியமானது. ஏ4 தாளை மடித்து நடுவில் கம்பி அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். விடயம் 18 பக்கம் வந்தால் 20 ஆக்குவதா, 16 க்குள் அடக்குவதா என்று முதலே முடிவெடுக்க வேண்டும். பழைய கல்வெட்டுகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் ‘அம்மா’ என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் அந்த ஐந்தும்தான் தெரியும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றும் மென்பொருள் நடுவில் உள்ள மின்னஞ்சல் முகவரியையும் மாற்றி அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். ஆகவே ஆங்கிலப் பகுதிகளை முதலில் வெட்டி எடுத்துவைத்து, மாற்றிய பின் திரும்ப ஒட்ட வேண்டும். கடைசியில் பெயர்களை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் வீட்டுக்காரர் எழுதித் தந்த தாளோடு ஒப்பிட வேண்டும். ‘தம்பி, மூத்த மருமேன்ர பேரை விட்டிட்டீங்கள்’ என்று செத்தவீட்டுக்காரர் வந்து நிற்பது சின்ன விசயம் இல்லை. அச்சானதை மீள அடிக்கலாம், மனத்தாங்கலைத் துடைக்க ஏலாது. சரிபார்ப்பு என்றால் என்ன என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த வேலை நன்றாகப் படிப்பிக்கும்.

நேரமும் பெரிய தடை. பின்னேரம் ரியூசன், இருட்டினால் பெண்பிள்ளைகளை வீட்டார் வெளியே விடமாட்டார்கள், கடைசி பஸ் போனால் தீவுப்பகுதிப் பிள்ளை நிற்க முடியாது. கூலி வேலைக்குப் போகும் பெடியனுக்கு ஞாயிறு மட்டும்தான். அலுவலக நேரத்தில் திறந்துவைத்து ‘ஆக்கள் வருகினம் இல்லை’ என்று சொல்வது நியாயமே இல்லை. அறைக் கதவின் திறப்பு ஒன்று செயலாளரிடம் இருக்கட்டும், மற்றது திருத்தக் கொப்பியை ஒழுங்காக எழுதும் பிள்ளையிடம் இருக்கட்டும்.