மொட்டை மாடியில் ஒரு டிஷ், மாதச் சந்தா இல்லை

தூர்தர்ஷனின் டிடிஎச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. 2020இல் வந்த 'ஒரு வகுப்பு, ஒரு சேனல்' திட்டப்படி 1 முதல் 12 வரை வகுப்புப் பாடங்களும் இதில் வருகின்றன. பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு இது போதும்.

60 செ.மீ. டிஷ் வாங்குங்கள். செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. சென்னையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் தென்கிழக்கு, அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரம். டிஷ் அவ்வளவு அண்ணாந்து நிற்காது. ஆஃப்செட் வடிவம் (சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளியிருக்கும்) என்பதால் அதைவிட நிமிர்ந்தே தெரியும். இதை நம்பாமல் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்த்துவிட்டு, சிக்னல் இல்லை என்று புலம்புவோர் அதிகம். திசை பார்க்கும்போது மொபைல் காம்பஸை இரும்புக் கம்பத்தருகே பிடிக்காதீர்கள், தப்பாகக் காட்டும். சிக்னல் மீட்டரைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அதிக அளவு வந்ததும் நட்டை இறுக்குங்கள்.

தென்னை ஓலை குறுக்கே வந்தாலே படம் உடையும். அடைமழையில் சிக்னல் போவது இயல்பு, மழை விட்டதும் வந்துவிடும். வரவில்லையென்றால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) பக்கத்துக் கேபிள் முனையில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கலாம். முனையை வெட்டி, புது கனெக்டர் போட்டு, டேப் சுற்றுங்கள். கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

எம்பெக்-2, எம்பெக்-4 என்பவை படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள்; பழைய எம்பெக்-2 செட்-டாப் பெட்டியில் எம்பெக்-4 சேனல்கள் வராது. சேனல் காணாமல் போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள், முதலில் பெட்டியின் மெனுவில் ரீஸ்கேன் (சேனல்களை மறுபடி தேடுவது) செய்யுங்கள்.