மார்கழிக்கு ஊருக்கு வருமுன் மெயின் வால்வை மூடுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கொளத்தூர்ப் பக்கத்தில், கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திறங்கத் தொடங்கிவிடுவார்கள். பள்ளி விடுமுறையும் நம்மூரின் இதமான வெயிலும் சேர்ந்து வருவதால் அவர்களுக்கு அதுவே தோதான மாதம். அவர்கள் அங்கே பூட்டிவிட்டு வரும் வீட்டுக்கோ அதைவிடக் கெட்ட காலம் வேறில்லை. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பைப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கனடாவின் பிராம்ப்டனில் இருக்கும் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் குழாய் உறைவதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆளில்லாத வீட்டில், அறைகளைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரை அணைக்காமல், 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான் என்பதால், நாம் கண்டேயிராத குளிர் அங்கே பாதுகாப்பான வெப்பமாகக் கருதப்படுவது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. அறிவுரை சரிதான், ஆனால் அதை மட்டும் நம்பிப் புறப்படுவதை நான் ஏற்பதில்லை. மின்சாரம் போனால் ஹீட்டரும் நின்றுவிடும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரோடு மின்வெட்டும் சேர்ந்துகொண்டபோது, எத்தனையோ வீடுகளில் குழாய்கள் வெடித்துக் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் பலரும் நினைப்பதுபோல் பனிக்கட்டி பக்கவாட்டில் நெருக்குவதால் மட்டுமே குழாய் வெடிப்பதில்லை. குழாயின் ஓரிடத்தில் கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், உறையாத இடத்தில்கூடக் குழாய் பிளந்துவிடுகிறது. மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அப்படிப் பிளந்த தாமிரக் குழாய்த் துண்டை அவள் வீடியோவில் காட்டினாள். காசிமேட்டில் ஐஸ் மேல் கிடக்கும் மீனின் வாயைப் போல அது நீளவாக்கில் விரிந்திருந்தது. குழாய் பிளந்த நேரத்தில் எதுவும் தெரியாது, கட்டியே அடைப்பாக இருக்கும். குளிர் தணிந்து கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் பீறிடும், அப்போது வால்வை மூட வீட்டில் ஆள் இருக்காது.

ஆகவே ஹீட்டரை ஓடவிட்டாலும், தண்ணீர் மீட்டருக்கு அருகில் இருக்கும் மெயின் வால்வை மூடிவிட்டே புறப்பட வேண்டும். நெம்புகோல் கைப்பிடி உள்ள பால் வால்வாக இருந்தால், கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். பழைய வீடுகளில் நம் மொட்டை மாடித் தொட்டியில் இருப்பதைப் போன்ற சக்கரக் கைப்பிடி கேட் வால்வு இருக்கும். பல ஆண்டுகள் திருகாமல் கிடந்ததை வேகமாகத் திருகினால் தண்டு முறிந்துவிடும் என்பதால், விமானம் ஏறும் நாளுக்கு வெகு முன்பே அதைச் சோதித்துவிடுவது நல்லது. மூடிய பின் மேல் மாடிக் குழாய்களையும் அடித்தளத்தின் மிகத் தாழ்வான குழாயையும் திறந்துவிட்டு, ஃபிளஷ் தொட்டிகளையும் காலி செய்ய வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் தோட்டக் குழாய்க்கு ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் தனி வால்வை மூடி வடியவிட வேண்டும். வெந்நீர் சுற்றிவந்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர் முறையோ தீயணைப்புத் தெளிப்பான்களோ உள்ள வீடாக இருந்தால் மட்டும், தெரிந்த பிளம்பரைக் கேட்காமல் எதையும் மூட வேண்டாம்.

ஹீட்டரையே அணைத்துவிட்டு நெடுநாள் வருவதென்றால், மின்சார வாட்டர் ஹீட்டரின் ஸ்விட்சை அணைத்த பிறகே அதன் தொட்டியை வடிக்க வேண்டும். சிங்குக்கு அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பில் தங்கும் தண்ணீரும் உறையும் என்பதால் அங்கே புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த ஆன்டிஃபிரீஸை, அதாவது தண்ணீரை உறையவிடாத திரவத்தை, ஊற்ற வேண்டும். காருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். கனடாவில் பல பாலிசிகள், குளிர்காலத்தில் சில நாள்களுக்கு மேல் வீடு காலியாக இருந்தால், யாராவது தினமும் வந்து பார்த்திருக்க வேண்டும் அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. நம்பிக்கையான நண்பரிடம் சாவியைக் கொடுக்கும்போது, வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் நேரில் காட்டிவிடுங்கள்.

திரும்பிப் போனதும் முதலில் வீட்டைச் சூடாக்கிவிட்டு, குழாய்களைத் திறந்தே வைத்து, மெயின் வால்வை மெல்ல மெல்லத் திருப்பி, காற்று சீறி வெளியேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக விழுந்த பிறகே, அதாவது தொட்டி நிரம்பிய பிறகே, வாட்டர் ஹீட்டரின் ஸ்விட்சைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் போட்டால் காயில் எரிந்துவிடும்.