சுங்குடிக் கடையின் பதில் கூகுள் பெட்டிக்குள் வந்தது எப்படி

கூகுளில் ஒரு கேள்வியைத் தட்டினால் சில சமயம் எல்லா இணைப்புகளுக்கும் மேலே ஒரு பெட்டி வரும். அதில் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்த இரண்டு மூன்று வரிகள் நேரடிப் பதிலாக இருக்கும், கூடவே அந்தத் தளத்தின் இணைப்பும் இருக்கும். இதைத்தான் ஃபீச்சர்டு ஸ்னிப்பெட் என்கிறார்கள். மதுரையில் என் மாமா நடத்தும் சுங்குடிச் சேலைக் கடையின் தளம் அந்த இடத்தைப் பிடிக்க நான் என்னென்ன செய்தேன் என்று எழுதுகிறேன். சிறு கடைக்காரர்கள் யாருக்கும் பெரிதாகப் பணம் கொடுக்காமல் தாங்களே செய்துகொள்ளக்கூடிய வேலை இது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெட்டிக்கு விண்ணப்பம் போட முடியாது. "என் பக்கத்தை எடுத்துக்கொள்" என்று சொல்வதற்கு எந்தக் குறியீடும் கிடையாது, எதை எடுப்பது என்பதை கூகுளின் நிரல்தான் முடிவு செய்யும். நம் கையில் இருப்பது மறுப்பு மட்டும்தான்: நோஸ்னிப்பெட் என்ற குறியைப் பக்கத்தில் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து வரிகளை எடுக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைக்கு வந்த ஒரு விளம்பர நிறுவனத்து ஆள் "எஃப்ஏக்யூ ஸ்கீமா போட்டால் பெட்டி உறுதி, முதலிடம் உறுதி" என்று மாமாவிடம் ஒரு தொகை கேட்டிருந்தார். பக்கத்தில் இருக்கும் கேள்வி பதில்களைத் தேடுபொறிக்கு அடையாளம் காட்டும் குறியீடுதான் எஃப்ஏக்யூ ஸ்கீமா. அந்த ஸ்கீமாவால் தேடல் முடிவில் வந்துகொண்டிருந்த கேள்வி பதில் காட்சியையே கூகுள் 2023 ஆகஸ்டில் நன்கு அறியப்பட்ட அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. அதுவும் இந்தப் பெட்டியும் ஒன்றல்ல, வேறு வேறு. முதலிடத்தை யாராலும் உறுதிப்படுத்த முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்படிக் கேட்டு வருபவர்களுக்குத் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தளத்தைத் திறந்து பார்த்தபோது பெரிய தடை எழுத்திலேயே இருந்தது. கடையின் துண்டுப்பிரசுரத்துக்காக அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்த தமிழை, தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர் அப்படியே படமாக எடுத்து ஏற்றியிருந்தார். விலைப்பட்டியலும் படம்தான். பார்ப்பவருக்கு அழகாகத் தெரியும், ஆனால் தேடுபொறி வரியாக எடுத்துக் காட்டுவதற்கு அங்கே எழுத்து இல்லை. தமிழ்நாட்டில் ஏகப்பட்ட சிறு கடைத் தளங்கள் இன்னும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் யூனிகோடில், அதாவது எந்தக் கருவியும் தேடுபொறியும் எழுத்தாகவே படிக்கக்கூடிய பொது முறையில், மறுபடி தட்டச்சு செய்தேன். விலைப்பட்டியலை உண்மையான ஹெச்டிஎம்எல் (இணையப் பக்கத்தை எழுதும் மொழி) அட்டவணையாக மாற்றினேன், ஏனென்றால் பெட்டி எப்போதும் பத்தியாகவே வருவதில்லை, பட்டியலாகவும் அட்டவணையாகவும் காணொளியாகவும் வரும். அட்டவணை வர வேண்டுமென்றால் பக்கத்தில் அட்டவணை இருந்தாக வேண்டும்.

அடுத்தது எந்தக் கேள்விக்குப் போவது என்பது. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது, அந்த நேரம் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம், தளம் நம்முடையது என்று உறுதிப்படுத்தினால் போதும். அதில் எந்தத் தேடலுக்கு நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று எல்லாம் தெரியும். தேடல் சொற்களை வடிகட்டும் இடத்தில் ஒரே சமயத்தில் பல சொற்களைத் தேட உதவும் ரெகெக்ஸ் என்ற வசதி உண்டு, அதில் எப்படி, ஏன், எவ்வளவு, போகுமா, லாமா என்று நடுவில் | என்ற நெடுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் கேள்விகள் மட்டும் தனியாக வந்துவிடும். அதோடு அதே சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தும் போட வேண்டும். நம் மக்கள் நிறைய பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதை விட்டுவிட்டுப் பார்த்தால் பல கேள்விகள் கண்ணில் படாது.

வந்த பட்டியலில் நான் தேர்ந்தெடுத்தது, நம் பக்கம் ஏற்கெனவே முதல் பத்துக்குள் இருந்த கேள்விகளை மட்டும். பெட்டிக்கான பதிலை கூகுள் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருப்பவற்றிலிருந்துதான் எடுக்கிறது. முப்பதாவது இடத்தில் கிடக்கும் பக்கத்துக்குப் பெட்டி ஆசை வைப்பதைவிட, அதை முதலில் மேலே கொண்டுவரும் வேலையைப் பார்க்கலாம். இன்னொரு வடிகட்டலும் செய்தேன். பதிலைப் பெட்டியிலேயே படித்துவிட்டுப் போய்விடக்கூடிய கேள்விகளை விட்டுவிட்டேன். 2020 ஜனவரியிலிருந்து, பெட்டியில் வரும் பக்கத்தை கூகுள் அதே முதல் பக்கத்தில் கீழே மறுபடி காட்டுவதில்லை. அதனால் பெட்டியைப் பிடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: "சுங்குடிக்குப் புவிசார் குறியீடு எப்போது கிடைத்தது" என்று கேட்பவருக்கு 2005 என்ற விடை போதும், அவர் உள்ளே வர மாட்டார். "அசல் சுங்குடியை எப்படிக் கண்டுபிடிப்பது" என்று கேட்பவர் வாங்கப் போகிறவர், இரண்டு வரி படித்ததும் படம் பார்க்க உள்ளே வருவார்.

இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மதியம் கடையில் உட்கார்ந்தேன். நாயக்கர் மகால் பக்கம் போகிற வெளியூர்க்காரர்கள் நிறைய பேர் வந்து போகிற கடை. அவர்கள் கல்லாவில் கேட்பதும் சர்ச் கன்சோலில் வந்ததும் ஏறக்குறைய ஒன்றேதான், சாயம் போகுமா, மெஷினில் போடலாமா, இது கையில் கட்டினதா அச்சா. பதில் எனக்குத் தெரியாது, நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். கடைக்குப் புள்ளி கட்டிக் கொடுக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் அன்று வந்திருந்தார், அவரிடம்தான் கேட்டேன். "தம்பி, பின்பக்கம் திருப்பிப் பாரு, அச்சுன்னா வெளிறிக் கிடக்கும். கையில கட்டுனா ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது" என்றார். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்துக்குள் சாயம் போகாது, அவிழ்த்தால் புள்ளி, அந்த இடத்தில் சுருக்கமும் கொஞ்சம் நிற்கும் என்று ஒரு துண்டுத் துணியில் கட்டியே காட்டினார். முதல் பக்கத்தில் இருந்த மற்ற தளங்களைப் படித்தேன், "தரமான சேலை தரமாக இருக்கும்" என்கிற அளவில்தான் பல இருந்தன. பாட்டி சொன்ன மூன்று அடையாளங்கள் எதிலும் தெளிவாக இல்லை. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எழுதிய முறை இதுதான். கேள்வியை மக்கள் கேட்கிற மாதிரியே துணைத்தலைப்பாக வைத்தேன். அதற்கு நேர் கீழே, வேறு எந்த முன்னுரையும் இல்லாமல், பதில்:

"அசல் மதுரை சுங்குடிச் சேலையில் புள்ளிகள் கையால் நூல் கட்டிச் சாயம் தோய்த்து வருபவை. புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, துணியின் இரண்டு பக்கமும் தெரியும், கட்டு அவிழ்த்த இடத்தில் சிறு சுருக்கம் இருக்கும். அச்சடித்த சேலையில் பின்பக்கம் வெளிறியிருக்கும்."

அதற்குப் பிறகுதான் விளக்கம், படங்கள், மெழுகு அச்சு எப்படி இருக்கும் என்கிற விவரம் எல்லாம். ஆங்கிலத்தில் இந்தப் பதிலுக்கு நாற்பதிலிருந்து அறுபது சொல் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், தமிழில் ஒரே சொல்லில் நிறைய அடங்கிவிடுவதால் முப்பது சொல் சுமாராகப் போதுமானதாக இருந்தது. முதல் வாக்கியத்தில் "இது", "அவை" என்று தொடங்காமல் பொருளின் பெயரையே சொன்னேன். கூகுள் அந்த வரிகளைப் பிய்த்து எடுத்துத் தனியாகக் காட்டும்போது மேலே என்ன இருந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது, வரி தன் காலில் நிற்க வேண்டும்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்ப்பா, நம்ம கடை பேரே இல்லாம எழுதினா எவன் வருவான்?" என்றார். "மாமா, பெட்டியிலேயே தளத்தோட பேரு தானா வரும். பதில்ல நம்ம பேரைப் போட்டா விளம்பரம் மாதிரி ஆயிரும், எடுக்க மாட்டான்" என்று சொல்லிச் சமாளித்தேன். இதில் நான் உறுதியாக இருக்கிறேன், பதில் பத்தி விற்கக் கூடாது. விற்கிற வேலைக்குப் பக்கத்தின் மீதி இடம் இருக்கிறது.

துவைக்கும் முறையை மட்டும் வரிசை எண் போட்ட பட்டியலாக எழுதினேன், முதல் தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைத்து விட்டுவிடாமல், நிழலில் காயப்போடுவது என்று ஒவ்வொரு படியும் ஒரு சின்ன வரி. பத்திக்குப் பக்கத்தில் சொந்தமாக எடுத்த படத்தையும் வைத்தேன், படத்துக்கு மாற்று உரையும், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரியும், எழுதினேன். பெட்டியில் எழுத்து ஒரு தளத்திலிருந்தும் படம் வேறொரு தளத்திலிருந்தும் வருவது உண்டு, நம் பதிலுக்குப் பக்கத்தில் போட்டிக் கடையின் சேலை நிற்பதைப் பார்க்க யாருக்கு மனசு வரும்.

எழுதி முடித்ததும் சர்ச் கன்சோலில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து மறுபடி பார்க்கும்படி கோரிக்கை வைத்தேன். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். சில நாளிலும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பெட்டி கிடைத்ததா என்று சர்ச் கன்சோல் தனியாகச் சொல்லாது, அதற்கென்று ஒரு வடிகட்டி இல்லை. தனிமறைவுச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) நாமே தேடிப் பார்க்க வேண்டும், ஒரே போனில் பார்த்து முடிவுக்கு வரவும் கூடாது, ஊருக்கும் மொழி அமைப்புக்கும் ஏற்ப முடிவுகள் மாறும். நான் மேலூரில் இருக்கும் அக்காவையும் கோயம்புத்தூரில் இருக்கும் நண்பனையும் தேடிப் படம் அனுப்பச் சொன்னேன். அசல் கண்டுபிடிக்கும் கேள்விக்கு மூன்று பேருக்கும் நம் பத்தியே வந்தது. துவைக்கும் கேள்விக்கு எனக்கு வந்தது, நண்பனுக்கு வரவில்லை. பெட்டியில் இருக்கும் இணைப்பைத் தட்டினால் பெரும்பாலும் பக்கம் அந்த வரிக்கே போய் அதை வண்ணம் போட்டுக் காட்டும், அதனால் அந்த வரிக்குக் கீழேயே கடையின் தொலைபேசி எண்ணும் படங்களும் இருக்கும்படி அமைத்துக்கொண்டேன். இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகுதான் "நெட்ல பாத்தோம், பின்பக்கம் திருப்பிக் காட்டுங்க" என்று கேட்டு அழைப்புகள் வர ஆரம்பித்தன.

பிடித்த இடம் நிலையாக நிற்காது. துவைக்கும் கேள்வியின் பெட்டி நடுவில் ஒரு காணொளிக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது, இப்போது மறுபடி இல்லை. இதற்காக ஒவ்வொரு வாரமும் பத்தியை மாற்றி மாற்றி எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதில் சரியாக இருந்தால் விட்டுவிடுவேன், தகவல் மாறினால் மட்டும் கை வைப்பேன்.

தேடலுக்கான பதிலைச் செயற்கை நுண்ணறிவே பல தளங்களிலிருந்து தொகுத்து எழுதிக் காட்டும் கூகுளின் ஏஐ சுருக்கமும் வந்துவிட்டது, இந்தியாவில் 2024 ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் சுங்குடி பற்றித் தேடினால் பழைய பெட்டி இருந்த இடத்தில் பல தடவை அந்தச் சுருக்கம்தான் நிற்கிறது. அதற்கென்று தனி வித்தை எதுவும் வேண்டாம், தேடலுக்குச் செய்யும் அதே வேலைதான் என்று கூகுள் சொல்கிறது. அதனால் ஆங்கிலப் பக்கத்திலும் பாட்டி சொன்ன மூன்று அடையாளங்களையே முதல் வரிகளாக வைத்திருக்கிறேன். நோஸ்னிப்பெட் போட்டால் அந்தச் சுருக்கத்திலிருந்தும் விலகலாம், ஆனால் பெட்டியும் போய்விடும் என்பதால் நாங்கள் போடவில்லை.

அடுத்து "சுங்குடிப் புள்ளி எப்படிக் கட்டுவது" என்ற கேள்வி. அதற்குக் காணொளிதான் சரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரக்குறிப்பு போட்டு யூடியூபில் ஏற்றப் போகிறோம். படம் பிடிக்கப் பாட்டி சம்மதித்துவிட்டார், பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.