பிடித்த பாட்டைச் சொன்னால் குணம் தெரியுமா?
கொஞ்சம் தெரியும், ரொம்பக் கொஞ்சம்தான்.

2003-ல் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இரு உளவியலாளர்கள் 14 இசை வகைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். ரசனை நாலு பெரிய கொத்தாகப் பிரிந்தது. புதுமை நாடும் மனசுக்காரர்கள் ஜாஸ், கிளாசிக்கல் பக்கம் சாய்ந்தார்கள். கலகலப்பானவர்கள் ராப், நடன இசைப் பக்கம். ஹெவி மெட்டல் கேட்பவர்கள் முரடர்கள் என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்!

ஆனால் அளவைப் பாருங்கள். பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இருப்பதிலேயே வலுவான அந்தப் புதுமை நாட்டத்துக்கே ஒட்டுறவு எண் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) சுமார் 0.2தான். அதை வர்க்கப்படுத்தினால் 0.04. அதாவது, ஆளுக்கு ஆள் ரசனை மாறுவதில் 4 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. மிச்சத்தில் வயசு, வளர்ந்த சூழல், நண்பர்கள் எல்லாம் கலந்திருக்கிறது.

நீங்களே சோதிப்பதானால் "ராக் பிடிக்குமா?" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். முன்பின் கேட்டிராத இசையில் 15 வினாடித் துண்டுகளை, வரிசையைக் கலைத்துப் போட்டு, 1 முதல் 7 வரை மதிப்பெண் வாங்குங்கள். தெரிந்த பாட்டைப் போட்டால் மதிப்பெண் இசைக்கு விழாது, பழைய நினைவுக்கு விழும்.